பன்மொழிப் பயனர்களுக்கான மென்பொருளைச் சோதிக்கக் குழுவைப் பழக்குவது எப்படி? – வாசகர் கேள்வி பதில்

பல நாடுகளில், பல மொழிகளில் பயன்படும் மென்பொருளைச் சோதிக்கும் குழுக்களுக்கு எத்தகைய பயிற்சி வேண்டும் என்பது குறித்து வந்த கேள்விகளில் சில இங்கே இடம்பெறுகின்றன. மென்பொருள் தரச் சோதனையில் நெடுங்காலமாகப் பயிற்சியளித்துவரும் நமது பத்தியாளர் பதிலளிக்கிறார்.

கேள்வி (சோதனைக் குழுத் தலைவர், கோயம்புத்தூர்): எங்கள் நிறுவனம் கிடங்கு மேலாண்மை மென்பொருள் ஒன்றை ஜெர்மனி, துருக்கி, சவுதி அரேபியா ஆகிய நாடுகளில் விற்கத் தொடங்கியிருக்கிறது. என் குழுவினர் அனைவரும் தமிழும் ஆங்கிலமும் மட்டுமே அறிந்தவர்கள். அந்நாட்டு மொழிகளைக் கற்பிக்காமல் இவர்களை எப்படிப் பயிற்றுவிப்பது?

பதில்: மொழி தெரியாதது உங்கள் குழுவுக்குக் குறையே அன்று. இதில் இரண்டு வேலைகள் கலந்து கிடக்கின்றன. முதலில் அவற்றைப் பிரித்துக்கொள்ளுங்கள். திரையில் உள்ள ஜெர்மன் வாசகம் பிழையின்றி, இயல்பாக இருக்கிறதா என்று சொல்வது ஜெர்மனைத் தாய்மொழியாகக் கொண்டவரின் வேலை. இயந்திர மொழிபெயர்ப்பை அருகில் வைத்துக்கொண்டு உங்கள் குழுவினர் அதற்குத் தீர்ப்புச் சொல்லக் கூடாது. ஆனால் அந்த வாசகம் வந்து அமர்ந்தபின் திரை தாங்குகிறதா, ஜெர்மானியர் தட்டச்சு செய்த பெயர் தரவுத்தளத்துக்குள் சென்று அப்படியே திரும்பி வருகிறதா, அவர் எழுதும் எண்ணை மென்பொருள் சரியாகப் படிக்கிறதா என்பவற்றை ஒரு ஜெர்மன் சொல்கூட அறியாதவரும் கண்டுபிடிக்கலாம். வாடிக்கையாளரின் அன்றாட வேலையை நிறுத்திவிடும் பிழைகளில் பெரும்பாலானவை இந்த இரண்டாம் வகையைச் சேர்ந்தவை என்பதே நான் கண்டது.

துருக்கியை எடுத்துக்கொள்ளுங்கள். துருக்கிய மொழியில் புள்ளி வைத்த 'ஐ', புள்ளி வைக்காத 'ஐ' என இரண்டு தனித்தனி லத்தீன் எழுத்துகள் உண்டு. ஒவ்வொன்றுக்கும் சிறிய வடிவமும் பெரிய வடிவமும் தனித்தனியே இருக்கின்றன. ஆகவே துருக்கிய அமைவில் இயங்கும் கணினியில், புள்ளி வைத்த சிறிய எழுத்தைப் பெரிய எழுத்தாக மாற்றினால், புள்ளி தலையில் அப்படியே நிற்கும். ஆங்கிலப் பெரிய எழுத்தோடு அது பொருந்தாது. 'அட்மின்' என்று சிறிய எழுத்துகளில் உள்ளிட்டவரின் பெயரைப் பெரிய எழுத்தாக்கி ஒப்பிடும் நிரல், அவரை யாரென்றே தெரியாது என்று வாசலில் நிறுத்திவிடும். இந்தப் பிழையைப் பிடிக்கத் துருக்கிய அகராதி எதற்கு? கணினியின் மொழி, நாட்டு அமைவைத் துருக்கிக்கு மாற்றிவிட்டு, ஏற்கெனவே உங்களிடம் இருக்கும் சோதனைகளை முதலிலிருந்து ஓட்டினாலே போதும்.

பயிற்சியின் முதல் கட்டமாக நான் எப்போதும் பரிந்துரைப்பது போலி மொழியாக்கம் என்னும் முறையைத்தான். மொழிபெயர்ப்பு கைக்கு வருவதற்கு முன்பே, திரையில் உள்ள ஆங்கில வாசகங்கள் அனைத்தையும் ஒரு கருவியைக் கொண்டு மாற்றிவிடுகிறோம். எழுத்துகளின் தலையில் குறிகள் ஏறிக்கொள்ளும், ஒவ்வொரு வாசகமும் மூன்றில் ஒரு பங்கு அளவுக்கு நீளும், இரு முனைகளிலும் சதுர அடைப்புக்குறி விழும். விண்டோஸ், ஆண்ட்ராய்டு இரண்டிலுமே இதற்கான போலி மொழி அமைவுகள் உண்டு. ஆண்ட்ராய்டில் வலமிருந்து இடமாக ஓடும் போலி மொழியும் இருக்கிறது. இப்போது உங்கள் சோதனையாளரைத் திரையின் முன் அமர்த்துங்கள். குறி ஏறாமல் தூய ஆங்கிலமாக நிற்கும் சொல், நிரலுக்குள் நேரடியாக எழுதப்பட்டுவிட்ட சொல். அது மொழிபெயர்ப்பாளரின் கைக்குப் போகவே போகாது. வலப்பக்க அடைப்புக்குறி காணாமல் போயிருந்தால் வாசகம் வெட்டுப்பட்டிருக்கிறது. ஒரே வாக்கியத்தில் இரண்டு மூன்று சோடி அடைப்புக்குறிகள் தெரிந்தால், துண்டுகளை ஒட்டி வாக்கியம் செய்திருக்கிறார்கள். சொல்வரிசை மாறும் மொழிகளில் அது கட்டாயம் சிதறும். இந்த மூன்றையும் புதிதாகச் சேர்ந்தவர்கூட ஒரே பிற்பகலில் பழகிக்கொள்வார். பிழைகள் நிரலாளரிடம் திரும்பிச் செல்வதும் மொழிபெயர்ப்புக்குப் பணம் செலவழிப்பதற்கு முன்பே நடந்துவிடும்.

அடுத்து, மொழியும் நாடும் சேர்ந்த அமைவை நம் தொழிலில் லொக்கேல் என்போம் அல்லவா, குழுவில் ஒவ்வொருவருக்கும் ஒரு லொக்கேலைப் பொறுப்பாகக் கொடுங்கள். அரபு மொழிக்குப் பொறுப்பேற்றவர் தம் சோதனைக் கைப்பேசியை அரபு மொழியிலேயே வைத்துப் பழகட்டும். பட்டியல் வலப்பக்கத்திலிருந்து திறப்பதையும், 'பின்செல்' அம்பு திசை மாறுவதையும் அவர் கண்ணுக்குப் பழக்கிக்கொண்டால்தான், திசை மாறக் கூடாதவை மாறும்போது உறுத்தும். கைப்பேசி எண்ணுக்கு முன்னால் நிற்க வேண்டிய கூட்டல் குறி எண்ணின் வலக் கடைசிக்குத் தாவுவது இத்தகைய திரைகளில் மிகப் பரவலான பிழை. உங்கள் மென்பொருளில் சரக்குக் குறியீடுகள் இருக்கும்; சிறுகோட்டால் இணைத்த எண்கள் அரபு வரிக்கு நடுவே வரும்போது முன்பின்னாக இடம் மாறித் தெரியலாம். கிடங்கில் தவறான அலமாரிக்கு ஆளை அனுப்ப அதுவே போதும்.

எண்ணிக்கைகளையும் விட்டுவிடாதீர்கள். 'ஒரு பெட்டி', 'பல பெட்டிகள்' என்ற இரண்டே வடிவங்கள் நமக்குப் பழக்கம். அரபு மொழிக்கு ஆறு வடிவங்கள் வரையறுக்கப்பட்டுள்ளன. எனவே 0, 1, 2, 3, 11, 100 ஆகிய ஆறு எண்களையும் கொடுத்துப் பார்க்க வேண்டும். பின்னாளில் ரஷ்யாவுக்கு விற்பீர்களானால் 1, 2, 5, 11, 21 ஆகியவற்றைச் சோதியுங்கள். அங்கே 21 ஒருமையைப் போல நடக்கும், 11 நடக்காது. இந்த விதிகளை எல்லாம், உலக மொழிகளின் எழுத்துகளுக்குக் கணினியில் பொதுவான எண்களை வழங்கும் யூனிகோடு அமைப்பின் பொது லொக்கேல் தரவுக் களஞ்சியம் மொழிவாரியாகத் தொகுத்து வெளியிடுகிறது. அதைத் திறந்து படிக்கும் பழக்கம் குழுவுக்கு வந்துவிட்டால் பாதிப் பயிற்சி முடிந்தது.

கேள்வி (சோதனையாளர், சென்னை): 'எழுத்து உடைகிறது' என்று பிழை அறிக்கை எழுதினால், 'என் கணினியில் சரியாகத்தான் தெரிகிறது' என்று நிரலாளர்கள் திருப்பி அனுப்பிவிடுகிறார்கள். எப்படி எழுத வேண்டும்?

பதில்: 'உடைகிறது' என்பது ஒன்றல்ல, குறைந்தது மூன்று வெவ்வேறு நோய்களுக்கு அந்த ஒரே பெயரைச் சொல்கிறோம். எழுத்துக்குப் பதிலாக வெற்றுக் கட்டங்கள் தெரிந்தால் எழுத்துரு இல்லை; தரவு பத்திரமாக இருக்கிறது. வரிசையாகக் கேள்விக்குறிகள் தெரிந்தால், வழியில் எங்கோ அந்த எழுத்தைத் தாங்க முடியாத குறியேற்றத்துக்கு, அதாவது எழுத்துகளைக் கணினியில் சேமிக்கும் வேறொரு முறைக்கு, மாற்றியிருக்கிறார்கள். அவை கேள்விக்குறிகளாகவே சேமிக்கப்பட்டுவிட்டால் மூல உரையைத் திரும்பப் பெற வழியில்லை. தலையில் கோடும் கொம்பும் ஏறிய லத்தீன் எழுத்துகள் கூட்டமாகத் தெரிந்தால், யூடிஎஃப்-8 என்னும் யூனிகோடு குறியேற்றத்தில் உள்ள உரையை வேறு குறியேற்றம் என்று எண்ணிப் படித்திருக்கிறார்கள். பெரும்பாலும் அதை மீட்டுவிடலாம். இந்த மூன்றில் எது என்பதை அறிக்கையின் தலைப்பிலேயே எழுதுங்கள். கேள்விக்குறி வகைக்கு முதல் முன்னுரிமை கேளுங்கள், ஏனெனில் அங்கே பயனரின் தரவு அழிந்துகொண்டிருக்கிறது.

பிறகு, திரைப்பிடிப்பை மட்டும் இணைக்காமல், நீங்கள் உள்ளிட்ட உரையையே நகலெடுத்து ஒட்டுங்கள். அதன் குறியெண்களையும், அதாவது ஒவ்வோர் எழுத்துக்கும் குறிக்கும் யூனிகோடு தந்துள்ள எண்களையும், தாருங்கள். இயங்குதளத்தின் பதிப்பு, மொழி அமைவு, பயன்படுத்திய விசைப்பலகை ஆகியவற்றைச் சொல்லுங்கள். இவ்வளவும் இருந்தால் 'என் கணினியில் சரியாகத் தெரிகிறது' என்ற மறுமொழிக்கு இடமிருக்காது.

கேள்வி (திட்ட மேலாளர், பெங்களூரு): எங்கள் மென்பொருளின் திரை ஆங்கிலத்தில் மட்டுமே இருக்கிறது, பயனர்களும் ஆங்கிலம் அறிந்தவர்கள். இந்தப் பயிற்சிக்கு நேரம் ஒதுக்குவது அவசியந்தானா?

பதில்: திரை ஆங்கிலத்தில் இருக்கலாம், அதற்குள் வந்து விழும் தரவு ஆங்கிலத்தில் மட்டும் இருக்கும் என்பதற்கு உத்தரவாதம் ஏது? 2018ஆம் ஆண்டு பிப்ரவரியில் நடந்ததைப் பாருங்கள். தெலுங்கில் 'ஜ்ஞா' என்ற கூட்டெழுத்தை ஒட்டிய ஒரு குறிப்பிட்ட எழுத்து வரிசை ஐஃபோனுக்குச் செய்தியாக வந்து சேர்ந்தால், அதைக் காட்ட முயன்ற செயலி நிலைகுலைந்து மூடிக்கொண்டது. திரும்பத் திறந்தாலும் மீண்டும் அதே கதை. கைப்பேசியின் மொழி ஆங்கிலமாக இருந்தும் இது நடந்தது. ஆப்பிள் நிறுவனம் ஐஓஎஸ் 11.2.6 பதிப்பை வெளியிட்டு அதைச் சரிசெய்தது. இந்தியாவில் 2011 கணக்கெடுப்பின்படி எட்டுக் கோடிக்கும் அதிகமானோரின் தாய்மொழியில், 'ஞானம்' முதலான அன்றாடச் சொற்களில் வரும் ஓர் எழுத்து அது.

உங்கள் குழுவுக்கு நான் வேண்டுவது பெரிய ஏற்பாடு எதுவுமில்லை. சோதனைத் தரவில் 'டெஸ்ட்1', 'ஏபிசி' என்று நிரப்பும் வழக்கத்தை இன்றோடு கைவிடச் சொல்லுங்கள். அதற்குப் பதிலாக ஒரு பொதுத் தரவுத் தாளை உருவாக்குங்கள்: தந்தை பெயரின் முதலெழுத்தோடு ஒரே பெயர் கொண்ட தமிழர், குடும்பப் பெயரே இல்லாத மியன்மார்க்காரர், இரண்டு குடும்பப் பெயர்கள் கொண்ட ஸ்பானியர், பெயருக்கு நடுவே மேற்கோள் குறி உள்ள ஐரிஷ்காரர், அரிய சீன எழுத்தில் பெயர் கொண்டவர், அஞ்சல் குறியீடே இல்லாத ஹாங்காங் முகவரி, ஓர் உணர்ச்சிக் குறி. கடைசியாகச் சொன்னது விளையாட்டுக்காக அன்று. மைஎஸ்க்யூஎல் தரவுத்தளத்தில் 'யூடிஎஃப்-8' என்று நெடுங்காலம் வழங்கிய அமைவு ஓர் எழுத்துக்கு 3 பைட்டுகளை மட்டுமே தாங்கியது; உணர்ச்சிக் குறிகளுக்கும் அரிய சீன எழுத்துகள் பலவற்றுக்கும் 4 பைட்டுகள் வேண்டும். பழைய அட்டவணைகள் இன்னும் அந்த அமைவிலேயே நிற்கின்றன.

'கடைசிப் பெயர் கட்டாயம்' என்ற கட்டத்தின் முன் திகைத்து நின்ற அனுபவம் நம்மில் பலருக்கு உண்டு. அந்த அனுபவம் உள்ள சோதனையாளரைவிடப் பெயர்க் கட்டங்களைச் சோதிக்கத் தகுதியானவர் யார்?

கேள்வி (சோதனையாளர், மதுரை): தேதி, நேரம், எண்கள் தொடர்பான பிழைகள் எங்களிடமிருந்து தப்பி வாடிக்கையாளரிடம் போய்விடுகின்றன. இவற்றுக்கு எனத் தனிப் பயிற்சி உண்டா?

பதில்: உண்டு, கோடைகால நேர மாற்றத்திலிருந்து தொடங்குங்கள். நம் நாட்டில் ஆண்டு முழுவதும் ஒரே நேரம் என்பதால், கடிகாரம் முன்னும் பின்னும் போகும் என்ற எண்ணமே நம் சோதனையாளர்களுக்கு இயல்பாக வருவதில்லை. ஜெர்மனியில் மார்ச் மாதத்தின் கடைசி ஞாயிறு அதிகாலை 2 மணி ஆனதும் கடிகாரம் 3க்குத் தாவுகிறது, அன்று 2.30 என்ற நேரமே கிடையாது. அக்டோபரின் கடைசி ஞாயிறன்று அதே 2.30 இரண்டு முறை வருகிறது. அந்த நேரத்துக்குத் திட்டமிட்ட இரவுப் பணி மார்ச்சில் ஓடாமலே போகிறதா, அக்டோபரில் இருமுறை ஓடுகிறதா என்று பாருங்கள். அமெரிக்கா மார்ச் இரண்டாம் ஞாயிறே மாறிவிடுவதால், சில வாரங்களுக்கு லண்டனுக்கும் நியூயார்க்குக்கும் இடையே வழக்கமான 5 மணி நேர வேறுபாடு 4 ஆகக் குறையும். அந்த இடைவெளிக்குள் ஒரு சந்திப்பை நாட்காட்டியில் பதிந்து சோதியுங்கள்.

அரை மணிக் கணக்கை இந்தியாவால் நாம் அறிவோம். நேபாளத்தில் முக்கால் மணி. அந்நாட்டு நேரம் உலகப் பொது நேரத்துக்கு 5.45 மணி முந்தியது. நாடுகள் தங்கள் நேரத்தை மாற்றிக்கொள்வதும் உண்டு. இலங்கை 1996இல் நேரத்தை முன்தள்ளி, 2006இல் மீண்டும் 5.30க்கே திரும்பியது, சமோவா நாடு 2011 டிசம்பர் 30ஆம் நாளை முற்றிலும் தாண்டிச் சென்றது. பழைய ஆவணங்களைக் கையாளும் மென்பொருளுக்கு இவை முக்கியம்.

தேதியில், 12க்கு உட்பட்ட நாளை வைத்துச் சோதிக்காதீர்கள். 03/04 தவறாகப் படிக்கப்பட்டாலும் யாருக்கும் தெரியாது. 25/04 உடனே காட்டிக்கொடுக்கும். தாய்லாந்தில் 2025ஆம் ஆண்டு 2568 என்று எழுதப்படும்; காலாவதித் தேதிகளை அங்கே கவனமாகப் பாருங்கள். எண்களில், ஜெர்மானியர் எழுதும் 1.500 என்பது ஆயிரத்து ஐந்நூறு. அதை ஒன்றரை என்று படித்துவிட்ட மென்பொருள் எந்தப் பிழைச்செய்தியும் தராமல் கணக்கை முடித்துவிடும். தசமத்துக்கு அவர்கள் காற்புள்ளி இடுவதால், ஜெர்மன் அமைவிலுள்ள எக்செல், நெடுவரிசைகளைக் குறிகளால் பிரித்து வைக்கும் சிஎஸ்வி கோப்பில் அரைப்புள்ளியை எதிர்பார்க்கும். காற்புள்ளியால் பிரித்து நீங்கள் அனுப்பிய அறிக்கையைத் திறந்தால் அனைத்தும் ஒரே நெடுவரிசையில் குவிந்துவிடும்.

கேள்வி (மென்பொருள் நிறுவன உரிமையாளர், யாழ்ப்பாணம்): நாங்கள் தமிழ்ச் செயலி ஒன்றைத் தயாரித்து, இலங்கை, தமிழ்நாடு, சிங்கப்பூர், மலேசியா ஆகிய இடங்களில் வெளியிட இருக்கிறோம். எங்கள் சோதனையாளர்கள் தமிழர்களே. அவர்களுக்கும் இந்தப் பயிற்சி வேண்டுமா?

பதில்: மற்றவர்களைவிடச் சற்றுக் கூடுதலாகவே வேண்டும். தாய்மொழியை நாம் பொருளோடு படித்துவிடுவதால், எழுத்தில் உள்ள பிழையைக் கண் தானாகவே திருத்திக்கொள்கிறது. சோதனையாளர் அப்படித் திருத்தாமல் பார்க்கப் பழக வேண்டும். 'ஔவை' என்பதைப் பலர் ஒகரத்துக்கு அருகில் ளகரத்தைத் தட்டி 'ஒளவை' என்று எழுதுகிறார்கள். துணைக்காலுக்குப் பதிலாக ரகரம் விழுந்த உரைகளும் ஏராளம். பார்வைக்கு இரண்டும் ஒன்றே. தேடலுக்கு வேறு வேறு. இத்தகைய உரையை வைத்துத் தேடிப் பார்ப்பதை உங்கள் குழுவின் முதல் பயிற்சியாக வையுங்கள்.

இதைவிட நுட்பமானதும் உண்டு. 'கோ' என்ற எழுத்தைக் ககரமும் ஓகாரக் குறியும் என இரண்டு குறியெண்களாகவும் சேமிக்கலாம். ககரம், இரட்டைக் கொம்பு, துணைக்கால் என மூன்றாகவும் சேமிக்கலாம். யூனிகோடு விதிப்படி இரண்டும் சமம். உங்கள் தரவுத்தளத்துக்கும் சமமா என்பதே கேள்வி. ஒரு வடிவில் பதிந்து மறு வடிவில் தேடச் சொல்லுங்கள். 'ஸ்ரீ' எழுத்துக்கும் இதேபோல் இரண்டு குறியேற்றங்கள் புழக்கத்தில் உள்ளன. ஆனால் யூனிகோடு அவற்றைச் சமமாகக் கருதுவதில்லை என்பதால் அதற்கு நிரலில் தனி ஏற்பாடு வேண்டும்.

நீளத்தையும் பாருங்கள். 'மீனாட்சிசுந்தரம்' என்ற பெயர் வாசிப்பவருக்கு 9 எழுத்து. யூனிகோடில் 16 குறியெண்கள். யூடிஎஃப்-8இல் 48 பைட்டுகள். 50 பைட்டுகள் போதுமென்று ஒருவர் தரவுத்தளத்தில் வரையறுத்திருந்தால், முன்னால் 'கோ.' என்ற முதலெழுத்தும் ஓர் இடைவெளியும் சேர்ந்தவுடன் கடைசி 'ம்' வெட்டுண்டு, அவர் 'கோ. மீனாட்சிசுந்தர' ஆகிவிடுவார். பயனர் எண்ணை உறுதிசெய்யக் குறுஞ்செய்தி அனுப்புவீர்கள் என்றால், ஆங்கிலத்தில் 160 எழுத்துகள் கொள்ளும் ஒரு செய்தியில் தமிழுக்கு 70 குறியெண்களுக்கே இடமுண்டு. இரண்டு மூன்று துண்டுகளாகப் போய் ஒவ்வொன்றுக்கும் கட்டணம் விழும்.

அகரவரிசை தனியாகப் பார்க்க வேண்டியது. யூனிகோடின் குறியெண் வரிசையில் னகரம் பகரத்துக்கு முன்பும், றகரம் லகரத்துக்கு முன்பும், ளகர ழகரங்கள் வகரத்துக்கு முன்பும் நிற்கின்றன. நிரலாளர் குறியெண்ணை வைத்தே வரிசைப்படுத்திவிட்டால் 'மனை' முன்னாலும் 'மயில்' பின்னாலும் வரும். நம் அகராதிகளில் மயிலுக்குப் பிறகுதான் மனை.

நாடுகளுக்கு இடையிலான வேறுபாட்டுக்கு வருவோம். தமிழ்நாட்டுப் பயனருக்கு 10,00,000 என்று காட்டும் தொகையைச் சிங்கப்பூர், மலேசியப் பயனருக்கு 1,000,000 என்று காட்ட வேண்டும்; ஒரே தமிழ் அமைவை நான்கு இடங்களுக்கும் அனுப்பிவிடாதீர்கள். ஜனவரி மாதத்தையே 'தை' என்று குறிக்கும் வழக்கம் உங்கள் நாட்டில் உண்டு. தமிழ்நாட்டில் தை பிறப்பது ஜனவரி நடுவில். ரெங்கநாதன் விசைப்பலகையில் பழகியவர் இலங்கையில் இருப்பார், தமிழ்99இல் பழகியவர் தமிழ்நாட்டில் இருப்பார், ஒலிபெயர்ப்பு முறையில் தட்டுபவர் எல்லா இடங்களிலும் இருப்பார். மூன்று முறைகளிலும் அதே பெயரை உள்ளிட்டுப் பாருங்கள். யூனிகோடைப் பின்பற்றாத பாமினி எழுத்துருவில் தட்டி வைத்த பழைய ஆவணங்கள் ஈழத்தமிழரிடையே இன்னும் நிறையவே இருக்கின்றன. அதிலிருந்து ஒரு பத்தியை உங்கள் செயலியில் ஒட்டினால் பொருளற்ற லத்தீன் எழுத்துகளும் குறிகளும் வரும். அதை அடையாளம் கண்டு மாற்றித் தருவதா, எச்சரிப்பதா என்பதை வெளியீட்டுக்கு முன்பே முடிவு செய்யுங்கள்.

கேள்வி (கணினி அறிவியல் மாணவி, திருநெல்வேலி): படித்து முடித்ததும் இத்துறைக்கு வர விரும்புகிறேன். இப்போதே எதில் பழகலாம்?

பதில்: லிப்ரெஆஃபிஸ், ஃபயர்ஃபாக்ஸ் போன்ற கட்டற்ற மென்பொருள்களுக்குத் தமிழ்ப் பதிப்புகள் உள்ளன, அவற்றின் பிழைப் பதிவேடுகளும் யாவரும் எழுதலாம் என்ற நிலையில் திறந்திருக்கின்றன. தமிழ் இடைமுகத்தை நிறுவி அதிலேயே உங்கள் கல்லூரி வேலைகளைச் செய்யுங்கள். பின்நகர்வு விசையை ஒருமுறை அழுத்தினால் 'கி' முழுவதும் போகிறதா, குறி மட்டும் போகிறதா, சொல்லின் நடுவே சுட்டி எங்கெங்கே நிற்கிறது, பிடிஎஃப் கோப்பாக மாற்றி அதிலிருந்து தமிழை நகலெடுத்தால் எழுத்துகள் ஒழுங்காக வருகின்றனவா என்று ஒவ்வொன்றாகப் பாருங்கள். பிழை தென்பட்டால், அதே பிழை முன்பே பதிவாகியிருக்கிறதா என்று தேடியபின், மேலே சென்னைச் சோதனையாளருக்குச் சொன்ன முறைப்படி எழுதி, பிழை நேர்ந்த கோப்பையே இணைத்து அனுப்புங்கள். நிரலாளர் கேட்கும் மறுகேள்விகளுக்குப் பொறுமையாக விடை சொல்லி, அவர் தரும் திருத்தத்தை மீண்டும் சோதித்து உறுதிசெய்யுங்கள். வேலைக்கு ஆளெடுக்கும் நேர்காணலில் நான் முதலில் கேட்பது இத்தகைய பிழை அறிக்கைகளைத்தான்.